பாப் நியூஹார்ட்

பாப் நியூஹார்ட் (செப்டம்பர் 5, 1929 – ஜூலை 18, 2024) அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர். ஒருவர் மட்டும் ஒலிவாங்கியின் முன் நின்று பேசியே அவையைச் சிரிக்க வைக்கும் ஸ்டாண்ட்-அப் கலையில் புகழ்பெற்று, பின்னர் இரண்டு நெடிய தொலைக்காட்சித் தொடர்களின் நாயகராக விளங்கினார். சிகாகோவை அடுத்த ஓக் பார்க்கில் பிறந்த அவர், சிகாகோ லயோலா பல்கலைக்கழகத்தில் வணிகவியல் பயின்று 1952இல் பட்டம் பெற்று, கட்டாய இராணுவப் பணியை முடித்துத் திரும்பியபின், முதலில் கணக்கராகவும் பிறகு விளம்பர வாசகம் எழுதுபவராகவும் வேலை பார்த்தார்.

அலுவலகச் சலிப்பைப் போக்க உடன் பணியாற்றிய ஒருவரோடு தொலைபேசியில் அபத்தமான உரையாடல்களை நடத்தி, அவற்றை ஒலிநாடாவில் பதிந்து வானொலி நிலையங்களுக்கு அனுப்பி வந்தார். அந்த நண்பர் விலகியபோது, எதிர்முனைப் பேச்சைத் தாமே கேட்பதாகப் பாவித்து ஒரு பக்கத்தை மட்டும் பேசத் தொடங்கினார். இந்த உத்தி அவர் கண்டதன்று. ஜார்ஜ் ஜெசல், ஷெல்லி பெர்மன் ஆகியோர் அவருக்கு முன்பே தொலைபேசியை மேடைக்குக் கொண்டு வந்திருந்தனர். ஆயினும், பேசும் நேரத்தைவிடக் கேட்கும் நேரத்தில் சிரிப்பை விளைவித்தது நியூஹார்ட்டின் தனித்திறம். எதிர்முனையில் இருப்பவர் சொன்னதை அவையோர் அவருடைய மௌனத்திலிருந்தும், இயல்பாகவே அவரிடம் இருந்த திக்குவாயின் தயக்கத்திலிருந்தும் தாமே ஊகித்துக்கொண்டனர். ஆபிரகாம் லிங்கனுக்குத் தொலைபேசும் விளம்பர முகவர், தாடியை மழிக்க வேண்டாம் என்றும் எழுதித் தந்த உரையைத் திருத்த வேண்டாம் என்றும் மன்றாடும் பகுதி இதற்குச் சிறந்த சான்று. விளம்பரத் தொழிலை உள்ளிருந்து கண்டவர் மட்டுமே அதை அவ்வளவு துல்லியமாக எழுதியிருக்க முடியும்.

சிகாகோ வானொலித் தொகுப்பாளர் ஒருவர் வழியாக ஒலிநாடாக்களைக் கேட்ட வார்னர் பிரதர்ஸ் இசைத்தட்டு நிறுவனம், அதுவரை இரவு விடுதி மேடை எதிலும் தோன்றியிராத அவரை ஹூஸ்டன் நகரின் டைட்லண்ட்ஸ் விடுதியில் 1960 பிப்ரவரியில் பேச வைத்துப் பதிவு செய்தது. ‘தி பட்டன்-டவுன் மைண்ட் ஆஃப் பாப் நியூஹார்ட்’ என வெளிவந்த அந்தத் தட்டின் பெயர், கழுத்துப்பட்டை முனைகளைப் பொத்தானிட்டு அணியும் அலுவலகச் சட்டையைக் குறிப்பது. பில்போர்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்ற முதல் நகைச்சுவைத் தட்டு அதுவே. 1961இல் ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்கான கிராமி விருது, பாடகர்களை விட்டுப் பேச்சுத் தட்டு ஒன்றுக்குக் கிடைத்தது. சிறந்த புதிய கலைஞர் விருதும் அவருக்கே வந்தது.

அவ்வாண்டே என்.பி.சி.யில் தொடங்கிய பல்சுவை நிகழ்ச்சி விருதுகள் பெற்றும் ஒரு பருவத்தோடு நின்றது. நிலைத்த வெற்றியைத் தந்தவை, ஒரே கதைமாந்தர் வாரந்தோறும் புதிய சிக்கலில் மாட்டும் சிட்காம் வகைத் தொடர்கள். சி.பி.எஸ். ஒளிபரப்பிய ‘தி பாப் நியூஹார்ட் ஷோ’வில் (1972–1978) சிகாகோ உளவியலாளர் ராபர்ட் ஹார்ட்லியாகவும், ‘நியூஹார்ட்’ தொடரில் (1982–1990) வெர்மான்ட் மாநிலத்தில் பழைய தங்கும் விடுதி நடத்தும் டிக் லௌடனாகவும் நடித்தார். நோயாளிகளின் பேச்சைக் கேட்பதே உளவியலாளரின் தொழில், விசித்திரமான ஊராரின் பேச்சைக் கேட்பதே விடுதிக்காரரின் விதி என்பதால், தொலைபேசியின் மௌனம் இரண்டிலும் தொடர்ந்தது எனலாம். வேறுபாடு, எதிர்முனையில் இருந்தவர்கள் இப்போது கண்ணெதிரே தோன்றினார்கள் என்பதே. பிள்ளைகளிடம் ஏமாறும் அசட்டுத் தந்தையாகத் தோன்ற விரும்பாமையால், முதல் தொடரின் தம்பதிக்குக் குழந்தை வேண்டாம் என்று அவர் வற்புறுத்தியிருந்தார்.

1990 மே 21இல் ஒளிபரப்பான ‘நியூஹார்ட்’ இறுதிப் பகுதியில், டிக் லௌடன் தலையில் அடிபட்டு மயங்க, விழித்தெழுபவரோ பழைய தொடரின் ஹார்ட்லி. அருகில் படுத்திருக்கும் மனைவி எமிலியாக, பழைய தொடரில் அவ்வேடத்தில் நடித்த அதே சுசான் பிளெஷெட். எட்டாண்டுக் கதை முழுவதும் கனவாயிற்று. அமெரிக்கத் தொலைக்காட்சி வரலாற்றில் பெரிதும் பாராட்டப்படும் முடிவுகளுள் இது ஒன்று.

2002இல் நியூஹார்ட்டுக்கு அமெரிக்க நகைச்சுவைக்கான மார்க் ட்வைன் பரிசு வழங்கப்பட்டது. பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் நடிப்புக்கான எம்மி விருது மட்டும் கைக்கு எட்டாமலே இருந்து, ‘தி பிக் பேங் தியரி’ தொடரில் சிறுவர் அறிவியல் நிகழ்ச்சியின் முன்னாள் நாயகர் புரொஃபசர் புரோட்டானாகச் சிறப்புத் தோற்றத்தில் வந்ததற்காக, 2013இல், 84ஆம் வயதில் கிடைத்தது.