மணியக்காரர்

மணியக்காரர் என்பவர் 19ஆம் நூற்றாண்டில் செங்கல்பட்டு மாவட்டக் கிராமங்களின் தலைவர். சட்டம் இவரைக் கிராம முன்சீப் என்றது; ஊரார் வாயில் வெறும் மணியம். வரி வசூல், காவல், சில்லறை வழக்கு மூன்றும் இவர் பொறுப்பு. பதவி பெரும்பாலும் தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்தது. சர்க்கார் வேலை பார்த்தாலும் இவர் ஏர் மாடு வைத்திருந்த விவசாயிதான். வடசென்னையில் இப்பெயர் இன்னும் புழங்குகிறது: 1782 பஞ்சத்தில் எழுந்த கஞ்சித்தொட்டியை ஒரு மணியக்காரர் கவனித்துக்கொண்டதால், ராயபுரத்தில் அது மணியக்காரர் சத்திரம் ஆயிற்று. ஸ்டான்லி மருத்துவமனையின் பூர்வீகமும் அதுவே.

இதே வடசென்னைப் பக்கத்துத் திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தங்காடு மூன்றும் 1708இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்த ஐந்து ஊர்களில் அடங்கியவை. இங்கே கடலோரக் குப்பங்களில் மீனவர் பஞ்சாயத்தின் சொல்தான் செல்லும். மணியக்காரரின் கை ஓங்கியிருந்தது உள்ளே தள்ளியிருந்த நெல்வயல் ஊர்களில்.

விடிந்ததும் மதகுப் பக்கம் போய் நீர்க்கட்டி எந்த வயலுக்குத் தண்ணீர் திருப்பியிருக்கிறான் என்று பார்ப்பார். வெயில் ஏறினால் திண்ணை. கர்ணம் கணக்கோடு வருவார். கிஸ்தி (வரித் தவணை) பாக்கிக்காரரை அழைக்க ஊர்க்காவலாளான தலையாரி போவான். 10 ரூபாய்க்கு உட்பட்ட வழக்கை இவரே தீர்க்கலாம் என்றது 1816இன் நான்காம் ஒழுங்குவிதி. அதே ஆண்டின் பதினோராம் விதி, வசவு, கைகலப்புக்குச் சாவடியில் 12 மணி நேரம் அடைத்துவைக்கும் அதிகாரம் தந்தது. குற்றவாளி ‘தாழ்ந்த சாதி’ என்றால் ஆறு மணி நேரம் தொழுமரத்தில் மாட்டலாம். ஒரே வசவுக்குச் சாதி பார்த்து இரண்டு தண்டனை என்பது ஊர் வழக்கமாக மட்டும் இல்லை. கம்பெனி அதை எழுதியே வைத்தது.

அறுவடைக் களத்தில்தான் ஊரின் படிநிலை கண்ணுக்குத் தெரியும். மரக்காலை நிரப்பிக் கொட்டும்போது முதல் எண் ஒன்று அல்ல, ‘லாபம்’, அடுத்தது ‘ரெண்டு’. குவியலிலிருந்து தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், வெட்டியான் என்று அவரவர் மேரை, அதாவது ஊழியப் பங்கு, பிரியும். உழுது நட்டு அறுத்த படியாளுக்குக் கிடைப்பது அளந்து போட்ட நெல். நிலத்தில் பங்கில்லை, காணியாட்சி எனும் நில உரிமை முழுக்க மிராசுதார்கள் கையில், மணியக்காரரும் அநேகமாக அவர்களில் ஒருவர். இந்நிலையை மாவட்டக் கலெக்டர் டிரெமன்ஹீர் அறிக்கையாக எழுதிய பிறகே, 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. இன்று பஞ்சமி நிலம் எனப்படுவது அது.

பரம்பரைப் பதவிமுறையைத் தமிழக அரசு 1980இல் ஒழித்து, அந்த இடத்தில் கிராம நிர்வாக அலுவலரை அமர்த்தியது.