விதைப் போத்தல் இருந்தால் கறிச்சட்டி காயாது

2009இல் முகாமுக்குப் போனபோது எங்களிடம் ஒரு பிடி விதைகூட இருக்கவில்லை. மீளக்குடியேறியதும் அயல்வீட்டு அக்கா தந்த கத்தரி விதையில்தான் தோட்டம் தொடங்கினேன். அன்றிலிருந்து விதையை நானே எடுத்து வைக்கிறேன்.

நோயில்லாத செடியில் நல்ல காய் ஒன்றைப் பறிக்காமல் விடுங்கள். கத்தரிக்காய் மஞ்சளாகி முற்றியதும் பிளந்து, விதையைத் தண்ணீரில் கழுவுங்கள். மிதப்பவற்றை ஊற்றிவிட்டு, அடியில் தங்குபவற்றை நிழலில் உலர்த்துங்கள். வெண்டியையும் பயிற்றையையும் செடியிலேயே காயவிட்டுப் பறியுங்கள்.

நன்றாகக் காய்ந்த விதையைச் சலித்த அடுப்புச் சாம்பலுடன் கலந்து, போத்தலில் இறுக மூடுங்கள். சாம்பல் ஈரத்தை இழுக்கும். வண்டும் இலகுவில் அண்டாது. பெயரையும் திகதியையும் எழுதி ஒட்டுங்கள். கலப்பின விதையில் வந்த செடியின் விதை தாய்ச்செடிபோல் காய்க்காது. நாட்டு இனத்தையே சேமியுங்கள். புரட்டாதியில் நாற்றுமேடை போட்டால் மாரி மழைக்கு நடலாம்.

2022இல் மரக்கறி விலை ஏறியபோது இந்தப் போத்தல்கள்தான் எங்களுக்குக் கைகொடுத்தன.

ஒரு பங்கை அயலவருக்கும் கொடுத்து வையுங்கள். உங்களுடையது அழிந்தாலும் அவர்களிடம் இருக்கும். எனக்கு அப்படித்தான் கிடைத்தது.