எபிசோட் 41: தாத்தாவின் பழுப்பு கவர், அப்பாவின் பென்ஷன், என் பி.எஃப்.

போன மாசம் கோயம்புத்தூர் வீட்டுக்குப் போயிருந்தேன். பாட்டியோட டிரங்குப் பெட்டியை ஒழுங்குபடுத்தும்போது அடியில ஒரு பழுப்பு கவர் கிடைச்சுது. உள்ள தாத்தாவோட பி.எஃப். கணக்குச் சீட்டுகள், வருஷ வாரியா, நூல் போட்டுக் கட்டி வெச்சிருந்தார். கடைசித் தாள் 1989-ல வந்தது. 58 வயசுல மில்லை விட்டு வெளிய வந்தப்போ அவருக்குக் கிடைச்ச மொத்தத் தொகை 74,300 ரூபாய்.

அந்தத் தாளைக் கையில வெச்சுக்கிட்டே என் போன்ல என் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்தேன். அதுல 2022-ல ஒரு வரி இருக்கு. அந்த வரிக்கு அப்புறம் பேலன்ஸ் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைப் பத்திப் பேசத்தான் இந்த எபிசோட். ஆனா அதைப் புரிஞ்சுக்க 1951-க்குப் போகணும்.

ரூபாய்க்கு ஒரு அணா

தாத்தா 1950-ல, 19 வயசுல, மில்லுல சேர்ந்தார். அப்போ ஒரு தொழிலாளிக்கு வயசானா என்ன ஆகும்? பெரும்பாலும் மகன் சோறு போடணும். அவ்ளோதான் திட்டம். சில பெரிய கம்பெனிகள் தாங்களாவே வருங்கால வைப்பு நிதி வெச்சிருந்தாங்க, ஆனா அது முதலாளியோட விருப்பம்.

1951 நவம்பர் 15-ல மத்திய அரசு ஒரு அவசரச் சட்டம் போட்டுது. அடுத்த வருஷம் அதுதான் வருங்கால வைப்பு நிதிச் சட்டம், 1952 ஆச்சு. முதல்ல ஆறே தொழில்கள்: சிமென்ட், சிகரெட், இன்ஜினியரிங், இரும்பு-எஃகு, காகிதம், ஜவுளி. அதுவும் 50 பேருக்கு மேல வேலை செய்யற இடங்கள் மட்டும். ஜவுளி அந்தப் பட்டியல்ல இருந்ததால கோயம்புத்தூர் மில் தொழிலாளி முதல் நாள்லயே உள்ள வந்துட்டார்.

பிடித்தம் 6.25 சதவீதம். ஏன் இந்த விசித்திரமான நம்பர்னு எனக்கு ரொம்ப நாள் புரியல. 16 அணா ஒரு ரூபாய். 6.25 சதவீதம்னா ரூபாய்க்கு ஒரு அணா. தொழிலாளி ஒரு அணா, முதலாளி ஒரு அணா. தசம நாணயம் 1957-லதான் வந்தது, அதுக்கு முன்னாடி எழுதின சட்டம் இது.

ஆனா இதுல ஒரு விஷயத்தைக் கவனிங்க. கிடைக்கறது மொத்தமா ஒரே தொகை. மாசாமாசம் வரும் பென்ஷன் இல்ல. மொத்தத் தொகைன்னா கணக்கு சுலபம்: சேர்ந்ததை எடுத்துக் கொடுத்தா முடிஞ்சுது. பென்ஷன்னா, இந்த மனுஷன் 60 வயசுல போவாரா 90 வரைக்கும் இருப்பாரான்னு தெரியாமலே, கடைசி வரைக்கும் கொடுக்கறேன்னு யாராவது பொறுப்பேத்துக்கணும். தாத்தா விஷயத்துல அந்தப் பொறுப்பை யாரும் ஏத்துக்கல. நீண்ட நாள் வாழ்ந்தா அது அவர் பாடு.

1971-ல குடும்ப ஓய்வூதியம்னு ஒண்ணு வந்தது. ஆனா அது வேலையில இருக்கும்போதே தொழிலாளி இறந்துட்டா குடும்பத்துக்கு. உயிரோட ரிடையர் ஆனவருக்கு மாதப் பென்ஷன் வந்தது 1995 நவம்பர்லதான். தாத்தா ஆறு வருஷம் முன்னாடியே வெளிய வந்துட்டார்.

74,300 எங்க போச்சு?

அப்பா கணக்கு சொன்னார். 30,000 சின்ன அத்தை கல்யாணத்துக்கு. 14,000 வீட்டுக்கு ஓட்டை எடுத்துட்டு ஒட்டுக்கூரை போட. மீதி 30,000 சொச்சத்தைத் தாத்தா ஒரு உள்ளூர் நிதி நிறுவனத்துல போட்டார். வட்டி 24 சதவீதம்னாங்க. மாசம் 600 ரூபாய், அஞ்சாம் தேதியானா கரெக்டா வரும். தனக்குத்தானே பென்ஷன் போட்டுக்கிட்டேன்னு டீக்கடையில பெருமையாச் சொல்வாராம்.

90-கள்ல தமிழ்நாட்டுல இந்த மாதிரி நிதி நிறுவனங்கள் வரிசையா மூடினது பெரியவங்க யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. அதுக்குன்னே 1997-ல முதலீட்டாளர் நலன் பாதுகாப்புக்குத் தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியதாப் போச்சு. தாத்தா போட்ட இடத்துலயும் ஒருநாள் ஷட்டர் இறங்கினது, ஏறவே இல்ல. கேஸ் நடந்தது. போட்டதுல கால்வாசி கூடத் திரும்பல.

இது புதுசு இல்ல. 1906 அக்டோபர் 22-ல சென்னையில ஆர்பத்நாட் அண்ட் கோ திவாலாச்சு. வெள்ளைக்காரக் கம்பெனி, பெரிய பேரு, அதனால சேமிப்பைக் கொண்டுபோய் அங்க வெச்சவங்க ஏராளம். அதோட தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாசம் கடுங்காவல் கிடைச்சது. அந்த அடியில இருந்துதான் வி. கிருஷ்ணசாமி ஐயர் மாதிரியானவங்க முன்னின்று 1907-ல இந்தியன் வங்கியைத் தொடங்கினாங்க. ரெண்டு கதைக்கும் நடுவுல 90 வருஷம். வயசானவர் கையில மொத்தமாப் பணம் இருக்கு, அவருக்குத் தேவை மாசா மாசம் வருமானம். இந்த இடைவெளியிலதான் 24 சதவீதம் வந்து உட்காருது. பேராசைன்னு சொல்லிடறது சுலபம். எனக்கு அப்படித் தோணல. அவர் தேடினது ஒரு பென்ஷன்.

தாத்தா 2003-ல போயிட்டார். பாட்டி அதுக்கப்புறம் 19 வருஷம் இருந்தாங்க. தனக்குன்னு ஒரு ரூபாய் வருமானம் கிடையாது. அப்பா குறை வெக்கல. ஆனா கேக்கணுமே! மூக்குக் கண்ணாடி உடைஞ்சா ரெண்டு மாசம் நூல் கட்டிப் போட்டுட்டு இருப்பாங்க. நாமளா கவனிச்சாத்தான் உண்டு.

அப்பாவோட டிசம்பர் 17

அப்பா 1990-ல அரசுப் பள்ளி ஆசிரியரா சேர்ந்தார். அது வேற உலகம். கடைசியா வாங்கின சம்பளத்துல பாதி, ஆயுள் முழுக்க. அகவிலைப்படி ஏற ஏற அதுவும் ஏறும். அவருக்கு அப்புறம் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம். அவர் பையில இருந்து தனியாப் பிடித்தம் எதுவும் இல்ல.

இது அரசு மனசு வெச்சுக் கொடுக்கற தானம் இல்லன்னு கோர்ட் சொல்லியிருக்கு. 1982 டிசம்பர் 17-ல டி.எஸ். நகாரா வழக்குல உச்ச நீதிமன்றம், ஓய்வூதியம் கருணையால வர்றது இல்ல, உழைச்சதுக்கான உரிமைன்னு தீர்ப்புக் கொடுத்தது. அதனாலதான் டிசம்பர் 17 ஓய்வூதியர் தினம். 2024-ல ரிடையர் ஆனதுல இருந்து அப்பா அந்த நாள்ல கூட்டத்துக்குச் சட்டையெல்லாம் அயர்ன் பண்ணிப் போட்டுட்டுப் போறார்.

ஆனா இந்தப் பாதுகாப்புக்கும் ஒரு விலை இருந்தது. 1998-ல அப்பாவோட நண்பர் ஒருத்தர் அச்சகம் தொடங்கினார், பார்ட்னரா வரச் சொன்னார். அப்பாவுக்குப் புத்தகம்னா உயிர். போகணும்னு இருந்தது. அப்போ அவருக்கு எட்டு வருஷ சர்வீஸ். ராஜினாமா செஞ்சா அந்த எட்டு வருஷமும் பென்ஷன் கணக்குல இருந்து போயிடும். விருப்ப ஓய்வுன்னா 20 வருஷ சர்வீஸாவது ஆகியிருக்கணும், இல்ல வயசு 50 ஆகியிருக்கணும். அப்பா போகல. இப்பவும் அந்த அச்சகத்து வழியாப் போனா வண்டியை ஸ்லோ பண்ணுவார்.

அவர் ஸ்டாஃப் ரூம்லயே இன்னொரு சார் இருந்தார். வகுப்பு ஒண்ணு, வேலை ஒண்ணு. ஆனா அவர் சேர்ந்தது 2003 ஜூன். தமிழ்நாட்டுல 1.4.2003-க்கு அப்புறம் சேர்ந்தவங்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்: சம்பளத்துல 10 சதவீதம் அவர், அதே அளவு அரசு. மத்திய அரசும் 2004 ஜனவரி 1-ல இருந்து புதுசாச் சேர்ந்தவங்களை என்.பி.எஸ்.-க்கு மாத்திடுச்சு. பாதிச் சம்பளம் உறுதிங்கற வார்த்தை அங்க காணாமப் போச்சு. பென்ஷன் செலவு ஏறிக்கிட்டே போகுது, மக்கள் ஆயுளும் கூடுதுன்னு அரசுகள் காரணம் சொன்னாங்க. ஒரு நிதித்துறை ஆளா யோசிச்சா அது புரியுது. அந்த சார் பக்கத்துல உட்கார்ந்து யோசிச்சா அவ்ளோ சுலபமாப் புரியல. 2009 மே மாசத்துல இருந்து என்.பி.எஸ். எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. சேரலாம், சேராமலும் இருக்கலாம். யாரும் கேக்க மாட்டாங்க.

இப்போ அந்தப் பூஜ்யம்

நான் 2019-ல சென்னையில ஒரு ஐ.டி. கம்பெனியில சேர்ந்தேன். பேசிக் 14,000. என் பங்கு 12 சதவீதம். கம்பெனி பங்கும் 12 சதவீதம், ஆனா அதுல 8.33 சதவீதம் ஓய்வூதியக் கணக்குக்குப் போயிடும். பே-ஸ்லிப்ல இதெல்லாம் இருந்தது. நான் பார்த்தது கடைசி வரியை மட்டும்.

2022 மார்ச்சுல நைட் ஷிப்ட் தாங்காம, வேற ஆஃபர் கையில இல்லாமலே விட்டேன். சேமிப்பு ஒரு மாச வாடகைக்குக் கூட இல்ல. ரெண்டு மாசம் கடன்ல ஓட்டினேன். அப்புறம் ஆன்லைன்ல ரெண்டு ஃபார்ம்: 19 பி.எஃப்.-க்கு, 10சி ஓய்வூதியப் பணத்துக்கு. பத்து நிமிஷ வேலை. அஞ்சு வருஷம் ஆகாததால வரிப் பிடித்தம் போக 1,12,000 ரூபாய் வந்தது.

இதை வெச்சு உங்களுக்கு ஒரு பயம் காட்ட முடியும். 8 சதவீத வட்டியில பணம் ஒன்பது வருஷத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாகும். 36 வருஷத்துல 16 மடங்கு. அதாவது கிட்டத்தட்ட 18 லட்சத்தைத் தின்னுட்டேன்! ரீல்ஸ்ல இதோட நிறுத்திடுவாங்க. ஆனா விலைவாசி 6 சதவீதம் ஏறினா அதே 36 வருஷத்துல பொருள் விலை எட்டு மடங்கு. அந்த 18 லட்சத்தோட இன்னைய மதிப்பு ரெண்டேகால் லட்சம் மாதிரி. போனது நிஜமான பணம்தான், ஆனா கோட்டை எதுவும் இடியல.

எனக்கு உறைச்சது வேற விஷயம். ஃபார்ம் 10சி கொடுத்த அன்னைக்கு என் ஓய்வூதிய சர்வீஸ் அழிஞ்சுது. அடுத்த கம்பெனியில பேசிக் 15,000-க்கு மேல. 2014 செப்டம்பர்ல இருந்து, அந்த வரம்புக்கு மேல சம்பளத்தோட புதுசாச் சேர்றவங்களுக்கு அந்த ஓய்வூதியத் திட்டத்துல இடம் இல்ல. நான் பழைய உறுப்பினராத் தொடர்ந்திருந்தா உள்ள இருந்திருப்பேன். தாத்தாவுக்கு ஆறு வருஷத்துல தவறின கதவை நான் பத்து நிமிஷத்துல நானே சாத்தியிருக்கேன்.

அந்தக் கதவுக்குப் பின்னாடி பெரிய புதையல் இல்லங்கறதையும் சொல்லிடறேன். ஃபார்முலா: சம்பளம் பெருக்கல் சர்வீஸ், வகுத்தல் 70. சம்பள வரம்பு 15,000, சர்வீஸ் 35 வருஷம்னா மாசம் 7,500. குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014-ல வெச்சது, மாசம் 1,000 ரூபாய். இதை நம்பி யாரும் சென்னையில வாழ முடியாது. ஆனா 7,500 ஒரு பாட்டியோட மூக்குக் கண்ணாடிக்குப் போதும். யார்கிட்டயும் கேக்க வேண்டாம்.

சரி, அன்னைக்கு வேலையை விட்டது தப்பா? இல்ல. அந்த மூணு மாசத்துலதான் உடம்பு தேறினது. இந்த பாட்காஸ்டோட முதல் எபிசோடும் அப்போ பதிவு செஞ்சதுதான். அப்பாவால எடுக்க முடியாத முடிவை நான் எடுத்தேன். தப்பு எங்கன்னா, அந்த முடிவுக்கான செலவை 60 வயசு ஆள்கிட்ட இருந்து பிடுங்கிக் கொடுத்தேன். தாத்தாவும் ஒரே கவர்ல இருந்துதான் கல்யாணம், கூரை, முதுமை மூணையும் எடுக்கப் பார்த்தார். மூணாவதுக்கு வரும்போது கவர் மெலிஞ்சிருந்தது.

அதனால இப்போ ரெண்டு கவர் வெச்சிருக்கேன். ஒண்ணு பேங்க்ல சாதாரண எஃப்.டி.: ஆறு மாசச் செலவு. என் செலவு மாசம் 38,000, அதனால இலக்கு 2,28,000. ஸ்ப்ரெட்ஷீட்ல அதுக்கு நான் வெச்ச பேரு 'ராஜினாமா'. வேலை மாத்தவோ, மேனேஜர்கிட்ட முடியாதுன்னு சொல்லவோ, வீட்டுல யாருக்காவது உடம்பு முடியலன்னா போய் உட்காரவோ அது. இன்னொண்ணு பி.எஃப்., தொடவே கூடாதது. கம்பெனி மாறினா டிரான்ஸ்ஃபர் மட்டும். ராஜினாமா கவர் நிறைஞ்சிருந்தாத்தான் ரெண்டாவது கவர் பிழைக்கும். இதைக் கத்துக்க எனக்கு மூணு வருஷம் ஆச்சு, இன்னும் முதல் கவர்ல 40,000 குறையுது.

பே-ஸ்லிப்ல பத்தாயிரம் கூட மிஞ்சாதவங்க இதைக் கேட்டுட்டு இருப்பீங்க, தெரியும். வீட்டுக்கு அனுப்பணும், கல்விக் கடன் கட்டணும். உங்களுக்கு மட்டும் ஒரே ஒரு வேலை: இன்னைக்கு ராத்திரி பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து, பேரு சரியா இருக்கா, பழைய கம்பெனிப் பணம் எங்க நிக்குது, நாமினி யாருன்னு பாருங்க. காசு செலவில்லாத வேலை. என் பாஸ்புக்ல நாமினி கட்டம் காலியா இருந்தது. அம்மா பேரைப் போட்டேன்.

தாத்தா கவரை அப்பாகிட்ட கொடுத்தேன். ஒவ்வொரு சீட்டாப் பார்த்துட்டு, "ஒரு வருஷம் கூட விடல பாரு, முப்பத்தொம்பது வருஷம்" அப்படின்னார். மறுபடி நூல் போட்டுக் கட்டி, அவரோட பென்ஷன் புத்தகத்துக்குப் பக்கத்துல வெச்சார்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.