வயிற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் வரலாறு

தமிழில் வயிறு என்ற ஒரு சொல் பல வேலைகளைச் செய்கிறது. பசிப்பதும் வயிறு, வலிப்பதும் வயிறு, பிள்ளையைச் சுமப்பதும் வயிறு. அடுத்தவர் வாழ்வைக் கண்டு எரிவதும் அதே வயிறுதான். ஆங்கிலத்தில் இவ்வேலைகள் பெல்லி, ஸ்டமக், வூம், அப்டோமன், பவல், கட் எனப் பல சொற்களுக்குப் பங்கிடப்பட்டுள்ளன. இவற்றில் சிலவற்றுக்கு அகராதிகள் 'வயிறு' என்றே பொருள் தருவதால், எல்லாம் ஒன்றுதான் என்று மாணவர்கள் எண்ணிவிடுவது உண்டு. ஆனால் இப்பங்கீடு தொடக்கத்திலிருந்தே இப்படி இருந்ததன்று. ஆயிரம் ஆண்டுகளாக இச்சொற்கள் ஒன்றின் இடத்தை மற்றொன்று பிடித்துக்கொண்டே வந்துள்ளன. பழைய ஆங்கில நூலை இன்றைய பொருளில் படிப்பவருக்குச் சில இடங்களில் கருத்தே தலைகீழாகிவிடும்.

கி.பி. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றும் முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் வயிற்றுக்கு உரிய பொதுச்சொல் 'வாம்ப்' என்பது. இன்று கருப்பையை மட்டும் குறிக்கும் 'வூம்' இதன் வழிவந்ததே. அக்காலத்தில் ஆண், பெண், விலங்கு எதன் வயிறும் வாம்ப்தான். கருப்பை அதன் பொருள்களுள் ஒன்று, அவ்வளவே. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த விக்ளிஃப் விவிலியத்தில் இதற்கு நல்ல சான்று இருக்கிறது. ஊதாரி மகன் கதையில் பசியால் வாடும் இளைஞன் பன்றித் தீவனத்தால் தன் 'வூமை' நிரப்ப விரும்புகிறான். 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில் அதே வசனத்தில் 'பெல்லி' வந்துவிடுகிறது. இடைப்பட்ட இருநூறு ஆண்டுகளில் ஒரு சொல் ஒதுங்க, இன்னொன்று அதன் இடத்தில் அமர்ந்துவிட்டது. ஸ்காட்லாந்து வழக்கில் 'வேம்' என்ற வடிவம் வயிறு என்ற பழைய பொருளை விடவில்லை. ஜெர்மன் மொழியில் 'வாம்பெ' என்றால் தொந்தி.

வயிற்றுக்கு 'ஹ்ரிஃப்' என்ற மற்றொரு சொல்லும் பழைய ஆங்கிலத்தில் இருந்தது. அது தனிச்சொல்லாக வழக்கொழிந்து, 'மிட்ரிஃப்' என்பதன் பின்பாதியில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதலில் உதரவிதானத்தைக் குறித்த மிட்ரிஃப், இன்று சட்டைக்கும் பாவாடைக்கும் இடையே தெரியும் இடுப்புப் பகுதியைச் சுட்ட ஆடைத் துறையில் அதிகம் பயன்படுகிறது.

பெல்லி தொடக்கத்தில் உடலுறுப்பின் பெயரே அன்று. அதன் பழைய வடிவம் தோற்பையைக் குறித்தது. கொல்லன் உலையில் காற்றூதும் துருத்திக்கும் அதுவே பெயர். துருத்தியைக் குறிக்கும் இன்றைய 'பெல்லோஸ்' அச்சொல்லின் பன்மை வடிவம். உப்புதல் என்ற பொருளுடைய இந்தோ-ஐரோப்பிய வேர் ஒன்றிலிருந்து இது கிளைத்தது என்பது சொல்லாய்வாளர் கருத்து. அவ்வேரின் இன்னொரு கிளை லத்தீனில் தோற்பையைக் குறிக்கும் 'புல்கா' ஆனது. பிரெஞ்சில் அதிலிருந்து சிறு பையைக் குறிக்கும் சொல் பிறந்தது. ஆங்கிலத்துக்கு வந்த அந்தச் சொல்தான் 'பட்ஜெட்'. நிதியமைச்சர் தம் பையைத் திறந்து நாட்டின் கணக்கை எடுத்து வைப்பதாகச் சொல்லும் வழக்கு 18ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் வேரூன்றியது. ஆக, வயிறும் வரவுசெலவுத் திட்டமும் ஆங்கிலத்தில் தூரத்து உறவுகள். நம் ஊரில் மாதக் கடைசியில் கணக்குப் பார்ப்பவருக்கு இதில் வியப்பு இருக்காது.

ஸ்டமக்கின் கதை வேறு. அது கிரேக்கத்தில் வாயைக் குறிக்கும் 'ஸ்டோமா' என்பதிலிருந்து பிறந்து, முதலில் தொண்டையையும் உணவுக்குழாயையும் குறித்தது; மெல்ல இரைப்பைக்கு இறங்கியது. லத்தீன், பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. அக்கால ஐரோப்பியர் உணர்ச்சிகளையும் உள்ளுறுப்புகளில் வைத்து எண்ணியதால், இச்சொல் துணிவு, செருக்கு, சினம் ஆகியவற்றையும் குறித்தது. 1588இல் ஸ்பானியக் கடற்படையை எதிர்நோக்கி டில்பரியில் திரண்டிருந்த வீரர்களிடம், உடலால் பெண்ணாயினும் தனக்கு மன்னனுக்குரிய இதயமும் ஸ்டமக்கும் உண்டு என்று முதலாம் எலிசபெத் முழங்கியதாகப் பின்னாளில் வெளியான ஒரு கடிதம் கூறுகிறது. ஷேக்ஸ்பியரின் 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்தில், போருக்கு ஸ்டமக் இல்லாதவன் புறப்பட்டுப் போகலாம் என்கிறான் மன்னன். இங்கே இரைப்பை என்று பொருள் கொண்டால் சிரிப்புத்தான் வரும்.

வினைச்சொல்லாக வரும்போது மாற்றம் இன்னும் கூர்மையானது. 16ஆம் நூற்றாண்டில் ஒன்றை 'ஸ்டமக்' செய்வது என்றால் அதற்காகச் சினந்து மனத்தில் கறுவுவது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அதற்கு ஏறக்குறைய எதிரான பொருள் வந்தது: பொறுத்துக்கொள்வது, சகித்துக்கொள்வது. முன்னது நம் வயிற்றெரிச்சலுக்கு அருகில் நிற்கிறது, பின்னது விழுங்கிச் செரித்துவிடுவதற்கு.

குடலைக் குறிக்கும் 'பவல்', சிறு தொத்திறைச்சி என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் மகவு. கெட்டுப்போன இறைச்சியால் வரும் 'பாட்டுலிசம்' என்ற நஞ்சேற்றத்தின் பெயரும் அதே குடும்பம்தான். ஆனால் 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயருக்குப் பவல் இரக்கம் பிறக்கும் இடம். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் உள்ளுறுப்புகளைக் குறிக்கும் சொல்லே பரிவையும் குறித்தது. மொழிபெயர்ப்பாளர்கள் அதை அப்படியே கொண்டுவந்தார்கள். 1650இல் ஆலிவர் கிராம்வெல் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பொதுப்பேரவைக்கு எழுதிய கடிதத்தில், தாங்கள் தவறியிருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்க்குமாறு கிறிஸ்துவின் பவல்களின் பெயரால் மன்றாடுகிறார். இன்றைய ஆங்கில மாணவருக்கு அது கொச்சையாக ஒலிக்கும். 'பெற்ற வயிறு பதறுது' என்று பேசிப் பழகிய தமிழருக்கு அதன் உருக்கம் எளிதில் பிடிபடும்.

'கட்' என்பதும் குடலே; இதன் வேரில் ஊற்றுதல் என்ற கருத்து இருக்கிறது. துணிச்சல் என்ற பொருளில் 'கட்ஸ்' வழங்கத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். ஸ்டமக் கைவிட்ட வீரம் குடலுக்குப் போய்ச் சேர்ந்தது எனலாம். நம் திரைப்பட வசனங்களிலும் அது குடியேறிவிட்டது.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெல்லிக்கு ஒரு சோதனை வந்தது. நாகரிகமான பேச்சில் உச்சரிக்கத் தகாத சொல்லாக அது ஒதுக்கப்பட்டது. அகராதி தந்த நோவா வெப்ஸ்டர் 1833இல் வெளியிட்ட திருத்திய விவிலியத்தில், சபையில் வாசிக்கக் கூசும் என்று தாம் கருதிய சொற்கள் பலவற்றை மாற்றினார். வெளியேற்றப்பட்ட பெல்லியின் இடத்துக்கு ஸ்டமக் வந்தது. குழந்தைகளின் மழலையில் அதுவே 'டம்மி' ஆயிற்று. மருத்துவர்கள் 'அப்டோமன்' என்ற லத்தீன் சொல்லைக் கையாண்டனர். இச்சொல் 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது வயிற்றுக் கொழுப்பைக் குறித்தது. அதன் சுருக்கமான 'ஆப்ஸ்' இன்று உடற்பயிற்சிக் கூடங்களில் கொழுப்பே இல்லாத தசைக்கட்டுகளுக்குப் பெயர்!

இந்தக் கூச்சம் ஒரு குழப்பத்தை விட்டுச் சென்றுள்ளது. உடற்கூற்றியலில் ஸ்டமக் என்பது மேல்வயிற்றில் பெரும்பாலும் இடப்பக்கம் அமைந்த இரைப்பை மட்டுமே. பேச்சில் அதுவே முழு வயிறு. குடல்வால் அழற்சியின் வலி பொதுவாகத் தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலப்பக்க அடிவயிற்றுக்கு நகரும். இரைப்பைக்கு அதில் பங்கில்லை. ஆனாலும் ஆங்கிலத்தில் பேசும் நோயாளி அதையும் 'ஸ்டமக் பெயின்' என்றே சொல்வார். அதனால்தான் மருத்துவர் அச்சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், வலிக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டச் சொல்கிறார்.