அப்பத்தை யார் கையால் வாங்குவது?



1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணியோடு பள்ளிப்பட்டும் ஆந்திரத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தது. எல்லைதான் மாறியது. தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்தே கேட்கின்றன. இந்த ஊரில் நின்று 'பல பண்பாடுகளில் கிறித்தவ வழிபாடு' என்று பேசத் தொடங்கினால், மொழியைப் பற்றிய பேச்சு என்றே நினைப்பீர்கள். மொழிச் சிக்கலை மிஷனரிகள் சீக்கிரமே தீர்த்துவிட்டார்கள். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க், பத்து ஆண்டுகளுக்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டுவிட்டார். தீராமல் நின்றது வேறொன்று.

ராசநாயக்கன் என்ற பறையர், தஞ்சை மன்னரின் படையில் சேர்வைக்காரராக இருந்தவர். கத்தோலிக்கராக இருந்து, நற்செய்தி நூல்களைத் தானே படித்துத் தரங்கம்பாடி மிஷனுக்கு வந்தார். ஐரோப்பிய மிஷனரிகள் தஞ்சை நாட்டுக்குள் தாராளமாக நுழைய முடியாத காலம் அது. உபதேசியாராக ஊர் ஊராகச் சென்று சபைகளை வளர்த்தவர் அவர். 1733இல் வேளாளரான ஆரோன் முதல் தமிழ்க் குருவாகப் பட்டம் பெற்றார். அடுத்த குரு யார் என்ற பேச்சில் ராசநாயக்கன் பெயரும் இருந்தது. 1741இல் பட்டம் தியோகுவுக்குப் போயிற்று. ராசநாயக்கனின் பக்தியையோ அறிவையோ மிஷனரிகள் குறை சொல்லவில்லை. பறையர் ஒருவர் கையால் திருவிருந்தைச் சாதிக் கிறித்தவர்கள் வாங்க மாட்டார்கள் என்று அஞ்சினார்கள். 1771இல் உபதேசியாராகவே அவர் இறந்தார். ஜெர்மனியின் ஹாலே நகரத்துக்கு அறிக்கை எழுதி அனுப்பிக்கொண்டே இருந்த ஒரு மிஷன், தன் முன்னே நின்றவருக்கு நியாயம் செய்யவில்லை.

அடுத்த நூற்றாண்டில் சண்டை வெளிப்படையானது. 1820களில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனரிகள் சாதிப் பிரிவினையை எதிர்த்தார்கள். சபையின் பெரும் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் அவர்களை எதிர்த்தார். அவர் அடுக்கிய குறைகளைக் கவனியுங்கள்: வேத மொழிபெயர்ப்பை மாற்றினார்கள், திருநாளில் பூ வைக்க விடவில்லை, தமிழ்ப் பாட்டை நிறுத்தினார்கள், சாதியைக் கலக்கச் சொன்னார்கள். பூவுக்கும் பாட்டுக்கும் அவர் வாதாடியது எனக்கு நியாயமாகவே படுகிறது. ஐரோப்பியர்களின் ரசனை கடவுளின் கட்டளை அல்ல. ஆனால் நான்காவது குறையும் அதே பட்டியலில், 'நம் வழக்கம்' என்ற அதே பெயரில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி உடனே ஒழிய வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். பின்னர் வந்த லைப்சிக் மிஷன் சாதி விஷயத்தில் நெகிழ்வாக இருந்தது; வெளியேறியவர்களில் ஒரு பகுதியினர் அங்கே ஒதுங்கினார்கள்.

யாருடைய பண்பாடு என்று கேட்காமல் பண்பாட்டைக் கோயிலுக்குள் கொண்டுவந்தால், மேலே இருப்பவரின் பண்பாடே வரும். கருநாடக இசைக் கீர்த்தனை உள்ளே வந்தது. பறை வெளியே நின்றது.

இதை நேராக எதிர்கொண்டவர் 'பரட்டை' என்ற தியாபிலஸ் அப்பாவு. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். கிராமத்து மெட்டில், பேச்சுத் தமிழில், பறையோடு ஒரு முழு வழிபாட்டு முறையையே அமைத்தார். கடவுளை 'பெத்தவரே' என்று அழைத்தார். அதில் தாயும் உண்டு, தகப்பனும் உண்டு. படிக்காத பெண்களும் பாடலை எடுத்துத் தங்கள் பாடுகளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதே நாட்டுப்புற இசையை அவர் தேர்ந்ததற்குக் காரணம். திருவிருந்தை அவர் 'ஒரு உலை' என்று விளக்கினார். அவரவர் கொண்டுவருவதை ஒரே பானையில் போட்டு, ஒன்றாகச் சமைத்து, ஒன்றாக உண்பது. வீட்டுக்கு வீடு, சாதிக்குச் சாதி அடுப்பு தனியாக இருக்கும்வரை அப்பம் பிட்கும் சடங்கு பாதிதான் என்பது அவருடைய வாதம். 2005இல் அவர் மறைந்தார். அவருடைய பாடல்கள் பல சபைகளில் இன்றும் ஒலிக்கின்றன. பாட்டை ஏற்றுக்கொண்ட அளவுக்கு அந்த உலையை நாம் அடுப்பில் ஏற்றவில்லை.