சென்ட்ரல் மார்க்கெட்: கட்டடம் நின்றது, சந்தை சென்றது



கோலாலம்பூர் பசார் செனி நிலையத்தில் இறங்கிச் சில நிமிடங்கள் நடந்தால், கிள்ளான் ஆற்றங்கரையையொட்டி நீலமும் வெள்ளையுமாக ஒரு நீண்ட கட்டடம் நம்மை வரவேற்கும். அதுதான் சென்ட்ரல் மார்க்கெட். பாத்தேக் துணி, மரச் சிற்பம், ஓவியம் எனப் பல கைவினைப் பொருள்கள் அங்கே விற்பனையாகின்றன. பெயர்ப்பலகையில் 1888 என்னும் ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும். ஆனால், நம் கண்முன் நிற்கும் கட்டடம் முழுமை பெற்றதோ 1937-இல்! அப்படியாயின், அந்த 1888 எதனுடைய வயது? இவ்வினாவுக்கு விடை தேடினால், தலைநகரின் வரலாறே விரியும்.

சந்தை பிறந்த கதை

தொடக்கத்தில் கோலாலம்பூரின் சந்தை இன்றைய மேடான் பசார் சதுக்கத்தில் இருந்தது. அது சீனர் தலைவரான கெப்பித்தான் யாப் ஆ லோயின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. அன்றைய ஊர் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் ஆனது. 1881-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெருந்தீ மூண்டது. அதே ஆண்டின் இறுதியில் வெள்ளம் வந்தது. ஒரே ஆண்டில் இரு பேரிடர்கள்! அதன் பின்னரே, 1882-இல் சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் எழுப்ப வேண்டும் என வலியுறுத்தினார். அதற்கான செங்கற்களைச் சுட்ட சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். இன்று நம்மவர் கடைத்தெருவாக நாம் அறிந்துள்ள பிரிக்பீல்ட்ஸின் பெயரில் அந்தச் சூளைகளின் நினைவு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

யாப் ஆ லோய் 1885-இல் மறைந்தார். அடுத்த ஆண்டே கிள்ளான் பக்கமிருந்து இரயில் பாதை கோலாலம்பூரை எட்டியது. ஊர் பெருகியது, பழைய சந்தை நெருக்கடிக்கு உள்ளானது. எனவே, 1888-இல் சந்தை ஆற்றங்கரைக்கு மாற்றப்பட்டது. மீன், இறைச்சி, காய்கறி எனத் தலைநகரின் அன்றாட உணவு அங்கேதான் விலைபோனது. பிற்காலத்தில் அது பன்முறை விரிவுபடுத்தப்பட்டு, 1937-இல் இன்றைய 'ஆர்ட் டெக்கோ' பாணிக் கட்டடமாக உருப்பெற்றது. படிப்படியாக உயரும் முகப்பும் நேர்க்கோட்டு அலங்காரங்களும் அப்பாணியின் அடையாளங்கள். மேடான் பசாரில் நிற்கும் மணிக்கூண்டும் அதே 1937-இல் எழுந்ததே. இவ்விரண்டையும் ஒரே நடையில் கண்டுவிடலாம்.

இடிபாட்டிலிருந்து தப்பியது எப்படி?

நகரம் வளர வளர, நகரின் நடுவே ஈரச் சந்தை எதற்கு என்னும் கேள்வி எழுந்தது. கட்டடத்தை இடித்துவிடும் திட்டமும் உருவானது. அன்றைய சட்டம் துணைநின்றிருக்குமா? 1976-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் பொதுவாக நூறாண்டு அகவையையே அளவுகோலாகக் கொண்டது. 1937-இல் எழுந்த கட்டடமோ அப்போது ஐம்பதைக்கூடத் தொடவில்லை! தேசிய மரபுடைமைச் சட்டம் வந்ததோ 2005-இல்தான். ஆகவே, கட்டடத்தைக் காத்தது மக்கள் குரலே. மலேசிய மரபுடைமைக் கழகமான 'படான் வாரிசான்' உள்ளிட்ட ஆர்வலர்கள் போராடினர். கட்டடக் கலைஞர்களான சென் வூன் பீ, சிங்கப்பூரின் வில்லியம் லிம் ஆகியோரின் பங்களிப்போடு அது புதுப்பிக்கப்பட்டு, 1986-இல் கலை, கைவினை மையமாகத் திறப்புவிழா கண்டது.

காக்கப்படாதவற்றின் நிலையை எண்ணிப் பார்த்தால்தான் இதன் அருமை புரியும். 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட புடு சிறைச்சாலையின் மதில் 2010-இல் இடிக்கப்பட்டது. இன்று அவ்விடத்தில் வணிக வளாகம் நிற்க, பழைய நுழைவாயில் மட்டும் தனித்து நிற்கிறது. 1929-ஆம் ஆண்டின் 'போக் ஹவுஸ்' மாளிகையோ 2006-இல் முற்றாக மறைந்தே போனது.

எஞ்சியதும் மறைந்ததும்

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்ற நாளில், 'பொருளைக் காட்டிக் கேள்வியைப் பிறப்பியுங்கள்' என்பார் எங்கள் விரிவுரைஞர். அதன்படி ஒருமுறை என் மாணவர்களை அங்கு அழைத்துச் சென்றேன். அனைவரும் 1888-ஐக் கழித்துப் பார்த்துக் கட்டடத்தின் வயதைச் சொன்னார்கள். ஒரு மாணவி மட்டும், "டீச்சர், மார்க்கெட் என்கிறார்கள், மீன் எங்கே?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தனர். எனக்கோ அதுவே அன்றைய மிகச் சிறந்த வினாவாகத் தோன்றியது.

ஆம், 1888 என்பது சந்தையின் வயது. அந்தச் சந்தைதான் இன்று அங்கில்லை. நின்றது 1937-இன் சுவர். சென்றது 1888-இன் வாழ்க்கை. ஊர்மக்கள் அன்றாடம் கூடிய இடம், சுற்றுப்பயணிகள் கூடும் இடமாயிற்று. 2020-இல் கொரோனா தொற்றால் எல்லைகள் மூடப்பட்டபோது இம்மாற்றத்தின் விலை தெரிந்தது. ஊரடங்கிலும் மக்களுக்குக் காய்கறி வேண்டும். நினைவுப் பொருள் வேண்டுமா?

இதனால் 1986-இல் செய்தது தவறென்று நான் கூறவில்லை. இடித்திருந்தால் அம்மாணவி கேள்வி கேட்கக்கூட ஓர் இடம் இருந்திராது. உள்ளே நம் நாட்டுப் பல்லினங்களின் பெயர்தாங்கிய சிறு சந்துகளில் பல குடும்பங்கள் பிழைக்கின்றன, அதுவும் நன்றே. ஆயினும், சுவரைக் காப்பது பாதிப் பணிதான். அங்கே யார் எதை விற்றார்கள், எந்த மூலையில் என்ன மணம் வீசியது, விடியலில் எத்தனை மணிக்குக் கதவு திறந்தது என்பதையும் காத்தால்தான் பணி முழுமை பெறும்.

அதற்குக் காலம் குறுகிவருகிறது. 1980-இல் இருபது வயதில் அங்கு மீன் வாங்கியவர் இன்று அறுபதைக் கடந்திருப்பார். அத்தகையோர் உங்கள் இல்லத்திலும் இருக்கலாம். தாத்தா பாட்டியின் அருகில் அமர்ந்து, "அந்தப் பழைய மார்க்கெட் எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். சொல்வதை ஒரு தாளில் எழுதி, நாளைக் குறித்து வையுங்கள். கட்டடத்திற்குச் சாயம் பூசப் பலர் வருவார்கள். இந்த நினைவுகளை எழுதி வைக்க நம்மைத் தவிர யார் வருவார்?