உரோமையில் ஒரு குளிர்காலம்

நோய் தீரக் கடல் கடந்து செல்லும் வழக்கம் விமானங்களுக்கு முந்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தில் காசநோய் கண்ட வசதியுள்ளோரை மருத்துவர்கள் இத்தாலிக்கு அனுப்பினர். அங்குள்ள இளவெயிலும் மென்காற்றும் நெஞ்சுப்புண்ணை ஆற்றும் என நம்பினர். அவ்வாறு அனுப்பப்பட்டவருள் ஒருவர் ஆங்கிலக் கவிஞர் ஜான் கீட்ஸ்.

கீட்ஸ் மருத்துவம் பயின்றவர். இலண்டன் கைஸ் மருத்துவமனையில் பயிற்சி பெற்று 1816-இல் உரிமமும் பெற்றவர். அவர் அன்னையையும் தம்பி டாமையும் இதே நோய் கொண்டுபோயிற்று. 1818-இல் தம்பியின் படுக்கையருகே இருந்து பணிவிடை செய்தவரும் அவரே. ஆகவே 1820 பிப்ரவரியில் தாம் இருமித் துப்பிய குருதியின் நிறத்தைக் கண்டதும் தம் முடிவு அவருக்குப் புரிந்துவிட்டது.

இன்னொரு குளிர்காலத்தை இங்கிலாந்தில் அவர் தாங்கமாட்டார் என்றனர் மருத்துவர்கள். நண்பர்கள் ஆவன செய்தனர். பதிப்பாளர் டெய்லர் அவருடைய நூல்களின் உரிமையை வாங்கிப் பணத்துக்கு வழி செய்தார். உரோமையில் வாழ்ந்த ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் கிளார்க்கின் பராமரிப்பு ஏற்பாடாயிற்று. கப்பலும் அமைந்தது. துணைக்கு யார் என்பது மட்டும் கடைசிவரை முடிவாகவில்லை. உற்ற நண்பர் சார்லஸ் பிரவுன் ஸ்காட்லாந்தில் இருந்தார். கீட்ஸ் மணக்கவிருந்த ஃபேனி பிரான் உடன் செல்லவில்லை. புறப்படச் சில நாள்களே இருக்கையில் ஜோசப் செவர்ன் என்னும் இருபத்தாறு வயது ஓவியர் வர இசைந்தார்.

செப்டம்பர் 17 அன்று கப்பல் இலண்டனை விட்டது. அங்கே டைபஸ் காய்ச்சல் என்ற செய்தியால் நேப்பிள்ஸ் துறைமுகத்தில் பத்து நாள் கப்பலிலேயே தடுத்து வைக்கப்பட்டனர். விடுவிக்கப்பட்ட அக்டோபர் 31, கீட்சின் 25-ஆம் பிறந்தநாள். நவம்பர் நடுவில் உரோமை வந்து, ஸ்பானியப் படிக்கட்டை ஒட்டிய வீடொன்றில் தங்கினர்.

கிளார்க் பரிவுள்ளவர், ஆயினும் அவரது அறிவு அக்கால மருத்துவத்தின் அறிவே. நோய் முக்கியமாக வயிற்றில் என முதலில் கருதினார். குருதி கக்கியவரிடமிருந்து மேலும் குருதி எடுத்தார்; உணவையும் மிகக் குறைத்தார். உரோமைச் சட்டமோ இந்நோயைத் தொற்றெனக் கொண்டது. ஆங்கிலேய மருத்துவர் பலர் அதை ஏற்கவில்லை. 1882-இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை அறிவித்தபோது, உரோமையின் அச்சமே உண்மைக்கு அருகில் இருந்தது எனத் தெரிந்தது.

இவ்வாறு தட்பவெப்பமும் மருத்துவமும் கைவிட்ட நிலையில், அவசரத்தில் கிடைத்த துணையே நிலைத்தது. செவர்ன் அடுப்பு மூட்டினார், சமைத்தார், படுக்கையைச் சீராக்கினார், வாடகைப் பியானோவில் ஹைடனின் இசையை வாசித்தார். இரவில் தாம் கண்ணயர்ந்தாலும் நோயாளி இருளில் விழிக்கலாகாதென்று, ஒரு மெழுகுவர்த்தி தீர்கையில் அடுத்தது தானே பற்றும்படி நூலால் இணைத்து வைத்தார். சமய நம்பிக்கை தமக்கு வாய்க்கவில்லையே என ஏங்கிய கீட்ஸ் விரும்பிக் கேட்டபடி, ஜெரமி டெய்லரின் பக்தி நூலை வாசித்துக் காட்டினார்.

1821 பிப்ரவரி 23 இரவு, செவர்னின் கைகளில் கீட்ஸ் உயிர் நீத்தார். ஃபேனியிடமிருந்து வந்து, பிரிக்கும் துணிவின்றி வைத்திருந்த மடல்கள் அவரோடு அடக்கம் செய்யப்பட்டன. அறையின் தட்டுமுட்டுகள் சட்டப்படி எரிக்கப்பட்டன. 1879-இல் இறந்த செவர்னின் கல்லறையும் இன்று நண்பரின் கல்லறைக்கு அருகிலேயே உள்ளது.

அந்நண்பர்களைக் குறைகூற இயலாது. தம் காலம் அறிந்த மிகச் சிறந்ததையே அவர்கள் தேடினர். ஆயினும் அவர்கள் திட்டம் குணமடைவதை மட்டுமே எண்ணிற்று. குணமாகாவிடில் அந்நிய ஊரில் அம்மனிதருக்கு என்ன தேவைப்படும் என்பதற்கு விடையாக இருந்தவர் செவர்ன் ஒருவரே. நம் குடும்பங்களிலும் நோயாளியைத் தொலைவிடம் கொண்டுசெல்ல நேர்கிறது. மருத்துவமனையை விசாரிக்கிறோம், கடன் வாங்குகிறோம், பயணச்சீட்டு எடுக்கிறோம். இரவில் அருகிருந்து விளக்கேற்றி வைப்பவர் யார் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்வோமாக.